தட்டில் ஒன்றும் வளரவில்லை

பெரம்பலூர்
4-11-1946

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் முதுகில் ராஜபிளவைக் கட்டி வந்திருப்பதை நீங்கள் எனக்கு எழுதவில்லை. பஸ் கண்டக்டர் அய்யாக்கண்ணு சொல்லித்தான் தெரிந்தது. "பெரியவரு சட்டை போட முடியாம துண்டப் போத்திக்கிட்டு நடக்கிறாருங்க டாக்டரம்மா" என்றான். சர்க்கரை வியாதிக்காரர்; அதுவும் சென்னை ஆய்வுக்கூடத்தில் ஆயுள் முழுவதும் கிருமிகளோடு குடித்தனம் செய்துவிட்டு ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர் பிளவைக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறீர்கள். எதற்கு என்று தெரியவில்லை.

இத்துடன் பெனிசிலின் பாட்டில்கள் வருகின்றன. என்னிடம் இருந்ததில் சரிபாதி. மூன்று மணி நேரத்துக்கு ஒரு ஊசி. தூக்கத்தைக் காரணம் சொல்லி விடக்கூடாது. இங்கே எனக்குத் தேவைப்படுமே என்று மறுகடிதம் எழுதாதீர்கள். யோசித்துப் பார்க்கலாம் என்றும் எழுதாதீர்கள். தாலி அறுத்த என்னை வைத்தியம் படிக்க அனுப்புவதா என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசிய அன்றும் நீங்கள் அதைத்தான் சொன்னீர்கள்.

ஜெகதாம்பாள்


அரியலூர்
8-11-1946

அன்புத் தங்கை ஜெகதாவுக்கு,

மருந்து பத்திரமாக வந்தது. உனக்கு வேண்டியிருக்குமே என்று எழுத உட்கார்ந்தேன். நீ முன்பே தடுத்துவிட்டதால் எழுதவில்லை.

எங்கள் தெருக் கம்பவுண்டர் வந்து ஊசி போடுகிறார். கரைத்த மருந்தை ஈர மணலில் புதைத்த பானைக்குள் வைத்திருக்கிறேன். காய்ச்சல் இறங்கிவிட்டது. வலியும் குறைந்திருக்கிறது. நாற்பது வருஷம் கிருமிகளை வளர்த்துக் காட்டிச் சம்பளம் வாங்கினேன். அவை இப்படிச் சட்டென்று அடங்குவதை என் உடம்பிலேயே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

வீட்டில் சும்மா இருக்க முடியாமல் மைக்ராஸ்கோப்பைத் துடைத்து வைத்திருக்கிறேன். இங்குள்ள டாக்டர்கள் எப்போதாவது சளியும் சீழும் அனுப்புகிறார்கள். நீ ஒருநாளும் அனுப்பியதில்லை. குறையாகச் சொல்லவில்லை.

சிவசுப்பிரமணியன்


பெரம்பலூர்
10-11-1946

அன்புள்ள அண்ணனுக்கு,

குறையாகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது குறைதான். சரி, அனுப்புகிறேன்.

அய்யாக்கண்ணு கையில் தரும் பாட்டிலில் வேம்பு என்ற பெண்ணின் சளி இருக்கிறது. பூலாம்பாடிக்கு அருகே காட்டு வேலை செய்கிற குடும்பம். புருஷன் செல்லமுத்து. கைக்குழந்தை ஒன்று, ஆண், இன்னும் தவழ ஆரம்பிக்கவில்லை. குளிர்காய்ச்சலும் இடது விலாவில் குத்தலும் துருப்பிடித்த நிறத்தில் சளியுமாக வந்தாள். எம்.பி. என்கிற சல்ஃபா மாத்திரை கொடுத்தேன். காய்ச்சல் இறங்கியது. மாத்திரையை நிறுத்திச் சில நாளில் மறுபடி ஏறிவிட்டது. இரண்டாம் முறை அதே மாத்திரை அவள் வயிற்றில் நிற்கவில்லை, எல்லாம் வாந்தி.

மாமியார் காத்தாயி கூடவே இருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். "இருமலுக்கு ஒரு பேரு சொல்லுங்கம்மா. பேரு தெரியாத சீக்க எந்த மூலைல நான் படுக்க வைக்கிறது?" என்று தினமும் கேட்கிறாள்.

மீதிப் பெனிசிலின் என்னிடம் இருக்கிறது. அதே மருந்துக்கு இன்னொரு ஆளும் வார்டில் காத்திருக்கிறார். கிணறு வெட்டும்போது கால் நசுங்கிச் சீழ் பிடித்த வெள்ளைச்சாமி. இரண்டு பேருக்கும் போதாது. வேம்பு மார்பில் இருப்பது எந்தக் கிருமி, அது பெனிசிலினுக்குப் பணியுமா, இரண்டையும் சொல்லுங்கள். அதைப் பார்த்துத்தான் யாருக்கு என்று முடிவு செய்யப்போகிறேன்.

ஜெகதா


அரியலூர்
14-11-1946

அன்புத் தங்கை ஜெகதாவுக்கு,

செய்ததை வரிசையாக எழுதுகிறேன். எங்காவது தவறியிருந்தால் உன் கண்ணில் படட்டும்.

முதலில் சளியைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். இரண்டிரண்டாக ஒட்டிய ஊதாப் புள்ளிகள் தெரிந்தன. நிமோனியாக் கிருமி அப்படித்தான் இருக்கும். ஆனால் என் வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. சாயத்தின் கசடையும் கிருமி என்று எண்ணியிருக்கலாம். ஆகையால் கண்ணை விட்டுவிட்டுக் கிருமி வளர்க்கும் தட்டை நம்புவது என்று தீர்மானித்தேன்.

இந்தக் கிருமி ரத்தம் கலந்த அகர்க் கூழ்த் தட்டில்தான் நன்றாக வளரும். சென்னையில் ஆட்டு ரத்தம் பாட்டிலில் வந்துவிடும். இங்கே கறிக்கடை வாசலில் நான் போய் நிற்பது எப்படி? நம் வீட்டார் யாரும் அந்தத் தெரு வழியாகக்கூட நடந்ததில்லை. வழக்கம்போல என் கை ரத்தத்தையே எடுத்துக்கொண்டேன். ஊசி போட வந்த கம்பவுண்டரே எடுத்துக் கொடுத்தார். "ஒரு கைல ஏத்துறேன், ஒரு கைல எறக்குறேன், கணக்கு சரியாப் போச்சுங்க ஐயா" என்று சிரித்தார்.

தட்டின் நடுவில் வாய்க்கால்போல வெட்டி, அதில் பெனிசிலின் கலந்த அகரை ஊற்றினேன். சளியை வாய்க்காலுக்குக் குறுக்கே கோடு கோடாக இழுத்தேன். மருந்துக்குப் பணிகிற கிருமி வாய்க்கால் ஓரத்தில் வளராமல் தள்ளி வளரும். பணியாதது வாய்க்கால் வரை வந்து முட்டும். அடியில் விளக்கு எரியும் செப்புப் பெட்டியில் வைத்துக் காத்திருந்தேன்.

தட்டில் ஒன்றும் வளரவில்லை. வாய்க்கால் ஓரத்திலும் இல்லை, தள்ளியும் இல்லை. யார் வாயிலும் இருக்கிற சாம்பல் புள்ளி ஒன்றிரண்டைத் தவிரத் தட்டு சுத்தமாக இருந்தது. மறுபடி ஒரு தட்டுப் போட்டேன். அதுவும் அப்படியே.

க்ஷயத்துக்கான சிவப்புச் சாயமும் ஏற்றினேன். ஓரிடத்தில் க்ஷயக் கிருமிபோல மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று கண்டதுபோல் இருந்தது. சில்லை நகர்த்தித் திரும்பி வந்தபோது அதைக் காணவில்லை.

சாதாரணக் கிருமி வளராத சளி, திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல், இளவயது. இவற்றை வைத்து க்ஷயம் என்று ஐயப்படலாம் என்று தோன்றுகிறது. உறுதியாகச் சொல்லவில்லை. உன் கம்பவுண்டர் அமிர்தலிங்கத்துக்கு ஆங்கிலம் தடுமாறும் என்று நீ ஒருமுறை எழுதியிருந்தாய். அதனால் முடிவைத் தமிழிலேயே தனிச் சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன்.

சிவசுப்பிரமணியன்


பெரம்பலூர்
21-11-1946

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் சீட்டு வந்த நேரத்தில் நான் பிரசவ அறையில் இருந்தேன். காத்தாயி கேட்டாளாம், அமிர்தலிங்கம் வார்டு நடுவில் நின்று வாய்விட்டுப் படித்திருக்கிறார். ஐயப்படலாம் என்ற சொல்லையும் சேர்த்துத்தான் படித்தேன் என்று சத்தியம் செய்கிறார். அவர்கள் காதில் விழுந்தது க்ஷயம் மட்டுந்தான். நான் வெளியே வந்தபோது காத்தாயி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "எலும்புருக்கி மாருல என் பேரன் பால் குடிக்க மாட்டான்" என்றாள். வேம்பு கட்டிலிலிருந்து கையை நீட்டினாள்.

அன்று மாலையே அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வேம்புவைச் சோளக்காட்டு ஓரத்துக் கொட்டகையில் தனியாகப் போட்டிருக்கிறார்களாம். செல்லமுத்து காலையும் மாலையும் கஞ்சியைத் தூரத்தில் வைத்துவிட்டு வருகிறானாம். குழந்தைக்கு ஆட்டுப்பால்.

பெனிசிலினை வெள்ளைச்சாமிக்குப் போட்டுவிட்டேன். கால் தப்பியது. அதில் தவறில்லை.

நேற்று கொட்டகைக்குப் போய் அவளைப் பார்த்தேன். இவ்வளவு சீக்கிரத்தில் க்ஷயம் ஒரு உடம்பை இப்படி வீழ்த்தி நான் பார்த்ததில்லை. உங்கள் மேல் குற்றம் சொல்லவில்லை. இதைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

ஜெகதா


அரியலூர்
27-11-1946

ஜெகதாவுக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

எனக்கு ஊசி முடிந்து நாளாகிவிட்டது. சென்ற வாரம் ரயில்வே கலாசி ஒருவரின் சளி வந்தது. புதிதாக என் ரத்தம் எடுத்துத் தட்டுப் போட்டேன். மறுநாளே பனித்துளிபோல நிமோனியாக் கிருமி தட்டெல்லாம் வளர்ந்து நின்றது. எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. வேம்புவின் சளிக்கு ஊற்றிய தட்டுகளில் ஒன்று உபயோகிக்காமல் மிச்சம் இருந்தது. கலாசியின் அதே சளியை அதிலும் இழுத்து வைத்தேன். பழைய தட்டில் ஒன்றும் இல்லை. புதியதில் அத்தனையும்.

அகர் ஒன்றே, பெட்டி ஒன்றே, விளக்கு ஒன்றே. ரத்தம் மட்டும் வேறு. அந்த நாட்களில் என் ரத்தத்தில் நீ அனுப்பிய பெனிசிலின் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் மட்டும் இருக்கவேண்டிய மருந்தைத் தட்டு முழுவதும் நானே கலந்திருக்கிறேன். அவளுடைய கிருமி என் தட்டில் செத்தது, அவள் மார்பில் வளர்ந்தது. தட்டு சுத்தமாக இருக்கிறது என்று எழுதினேனே, அதுவே விடை. எந்தச் சளியும் அவ்வளவு சுத்தமாக இராது. அது தெரிய நாற்பது வருஷ அனுபவம்கூட வேண்டாம். முதலில் கண் பார்த்தது சரியாக இருந்தது. அந்த ஒரு தரம் என் கண்ணை நான் நம்பவில்லை.

நேற்று காலை கறிக்கடைக்குப் போனேன். கடைக்கார பாய் என்னைப் பார்த்ததும் வழிதவறி வந்துவிட்டேன் என்று நினைத்து, "கோயில் அந்தப் பக்கம்ங்க ஐயா" என்று கை காட்டினார். ரத்தம் வேண்டும் என்றேன்.

"வறுக்கவா?"

"இல்லை, கிருமிக்கு."

"கிருமியக் கொல்றதுக்கா?"

"வளர்க்க."

கத்தியைக் கீழே வைத்தார். "வளக்கிறதுக்கா. பெரிய மனுசங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சுத்தமான பாத்திரத்தில் பிடித்துக் கொடுத்தார். உறையாமல் இருக்கக் கண்ணாடி மணிகளைப் போட்டுக் குலுக்கிக்கொண்டே தெருவில் நடந்து வந்தேன். பார்த்தவர்கள் பார்த்தார்கள். இவ்வளவுதான் விஷயம். இதற்குப் பயந்துதான் அன்று என் கையை நீட்டினேன்.

அவளுடைய சளியை மறுபடி அனுப்ப முடியுமா? பிளவை ஆறிவிட்டதால் ஒரு பாட்டில் மீந்திருந்தது. அதை அய்யாக்கண்ணுவிடம் கொடுத்திருக்கிறேன். விடை வரும்வரை காத்திராமல் இன்றே தொடங்கு. என் விடைக்காகக் காத்திரு என்று சொல்ல எனக்கு இனி வாய் இல்லை.

சி.


பெரம்பலூர்
29-11-1946

அண்ணனுக்கு,

பாட்டிலைக் கொண்டு அன்றே கொட்டகைக்குப் போனேன். அமிர்தலிங்கத்தை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவர்தான் ஊசி போடுகிறார். சீட்டைப் படித்த வாய்க்கு அதுதான் தண்டனை என்று சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் வந்த கோபத்தில் ஒரு பதில் எழுதினேன். அதை அனுப்பவில்லை. பிறகு உங்களுடைய பதினான்காம் தேதிக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஒரு கையில் ஏற்றினார், ஒரு கையில் இறக்கினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நானும் படித்திருக்கிறேன், சிரித்தும் இருக்கிறேன். ஊசியை அனுப்பியவள் நான். எனக்கும் உறைக்கவில்லை.

இன்னொன்று. பிளவையோடு நீங்கள் இன்னும் சில நாள் தாங்கியிருப்பீர்கள். அதை யோசிக்காமல் பாதியை உங்களுக்கு அனுப்பினேன். அண்ணன் என்பதால். வேம்புவுக்கு அனுப்ப யாரும் இல்லை.

சளி வருகிறது. முதல் ஊசிக்கு முன்பே எடுத்தது. இருக்கிற மருந்து இரண்டாம் தேதி வரைதான்.

ஜெகதா


திருச்சி
2-12-1946

அன்புத் தங்கை ஜெகதாவுக்கு,

ஆட்டு ரத்தத் தட்டில் வளர்ந்துவிட்டது. வாய்க்காலுக்கு இரு பக்கமும் விரல் அகலத்துக்கு வெறுமை, அதற்கப்பால் அடர்த்தியாகக் கிருமி. அது நிமோனியாக் கிருமிதான், பெனிசிலினுக்கு நன்றாகப் பணிகிறது. இந்த முறை மருந்தில்லாத வெறும் ரத்தத் தட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் கலாசியின் கிருமியை வளர்த்துப் பார்த்த பிறகே எழுதுகிறேன்.

விடையை மட்டும் தபாலில் அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார மனம் வரவில்லை. ரயிலேறி இங்கே வந்தேன். என்னோடு சென்னையில் வேலை பார்த்தவர் ஒருவர் இங்கே மருந்துக் கிடங்கில் இருக்கிறார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவன் என்று அவருக்குத் தெரியும். "நீங்களே வந்து கேக்குறீங்கன்னா யாரோ சாகக் கெடக்குறாங்க" என்று சொல்லிப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். பெரம்பலூர் பஸ்ஸில் இப்போதே ஏற்றிவிடுகிறேன்.

சி.


பெரம்பலூர்
17-12-1946

அன்புள்ள அண்ணனுக்கு,

வேம்பு பிழைத்துவிட்டாள். காய்ச்சல் நின்று பத்து நாளுக்கு மேலாகிறது. எழுந்து நடக்கிறாள். இடது பக்கத்தில் மூச்சு தெளிவாகக் கேட்கிறது. க்ஷயம் இப்படி ஊசிக்கு இறங்காது.

ஆனால் காத்தாயி குழந்தையைத் தரவில்லை. நேரில் போய்ச் சொன்னேன். "டாக்டரம்மா, அரியலூரு பெரியவரு கையெழுத்துப் போட்டுக் குடுத்த காயிதம் அது. அத நம்பித்தான் கொட்டாய்ல போட்டோம். இப்ப நீங்க வந்து இல்லைங்கிறீங்க. கையெழுத்த நம்புறதா, வாய நம்புறதா?" என்றாள். உங்கள் சீட்டு அவள் வீட்டுக் கூரையில் செருகியிருக்கிறது. அக்கம்பக்கத்தார்க்கெல்லாம் அதை எடுத்துக் காட்டியிருக்கிறாள். அவள் கெட்டவள் இல்லை, அண்ணா. அவளுடைய மூத்த மகன் எலும்புருக்கியில்தான் போனான். அப்போது யாரும் அவளுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இந்த முறை சொன்னது நீங்கள் ஒருவர்தான்.

வேம்பு தினமும் கொட்டகை வாசலில் உட்கார்ந்து அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பால் வற்றிவிட்டது.

நீங்கள் வந்து சொல்ல வேண்டும்.

ஜெகதா


அரியலூர்
20-12-1946

அன்புத் தங்கை ஜெகதாவுக்கு,

நான் வந்து நாலு பேர் முன்னால் பேசினால் காரியம் கெட்டுப்போகும் என்று பயப்படுகிறேன். பேச்சு எனக்கு வராது. அந்தச் சிவப்புக் கோடு என்ன என்று எனக்கு இன்னும் தெரியாது. இல்லை என்று நிரூபிக்கும் சோதனை என்னிடம் கிடையாது. புதிய சீட்டு ஒன்று, தேதியும் கையெழுத்தும் முத்திரையும் வைத்து, இத்துடன் அனுப்புகிறேன். முந்தையது தவறு என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். இது போதுமா பார்.

சிவசுப்பிரமணியன்


பெரம்பலூர்
22-12-1946

அண்ணனுக்கு,

சீட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அமிர்தலிங்கம் பஸ் நிலையத்தில் காத்திருப்பார்.

ஜெகதா


அரியலூர்
31-12-1946

அன்புத் தங்கை ஜெகதாவுக்கு,

நான் வந்த நேரத்தில் நீ ஒரு பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாய். திரும்பும்போது உனக்காகக் காத்திருக்க நேரம் இருந்தது. தைரியம் இல்லாததால் பஸ் ஏறிவிட்டேன். அமிர்தலிங்கம் தன் பங்குக்கு ஏதேனும் சொல்லியிருப்பார். நடந்ததை நானும் எழுதிவிடுகிறேன்.

காத்தாயி வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை பக்கத்தில் சாக்கின்மேல் கிடந்தது. சீட்டு எழுதியவர் இவர்தான் என்று அமிர்தலிங்கம் சொன்னார். அவள் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "சாமியா" என்றாள். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். ஒரு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. "நான் எழுதினது தப்பு. என் கைத்தப்பு. அந்தப் பொண்ணுக்கு எலும்புருக்கி இல்லை" என்றேன்.

"தப்புன்னா எப்படிங்க சாமி? படிச்சவங்க தப்பா எழுதுவீங்களா?"

"எழுதிட்டேன்."

"அப்ப இன்னக்கிச் சொல்றதும் தப்பா இருந்துச்சின்னா?"

ஜெகதா, இந்தக் கேள்வியைத்தான் நான் எனக்குள் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் ஒருவன், "பெரியவருக்கு வேர்த்துருச்சு, தண்ணி குடுங்கடா" என்றான். இன்னொருவன், "நம்ம வூட்டுத் தண்ணியச் சாமி குடிக்குமா?" என்றான். சிலர் சிரித்தார்கள்.

கொட்டகை அங்கிருந்தே தெரிந்தது. நடந்தேன். வேம்பு என்னைக் கண்டதும் எழுந்து ஒதுங்கி நின்றாள். என்னவோ தூணுக்குப் பின்னால் மறைகிற குழந்தைபோல. அவ்வளவு சின்னப் பெண் என்று நீ எழுதவில்லை. "தாகமா இருக்கும்மா, உன் பானையிலேர்ந்து கொஞ்சம் தண்ணி குடு" என்றேன். "வேணாம் சாமி, நான் குடிச்ச கொவள" என்றாள். "அதுலயே குடு" என்றேன்.

அவள் மொண்டு கொடுத்தாள். கொதிக்க வைக்காத தண்ணீரை நான் வாயில் விட்டு எத்தனை காலமாயிற்று என்று உனக்குத் தெரியும். முழுக்கக் குடித்தேன். பயமாக இருந்தது. அதை மறைக்க முடிந்ததா என்று தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் கொஞ்ச தூரம்வரை பின்னால் வந்து நின்றிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. காத்தாயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். என்னையும் காலிக் குவளையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குழந்தையை என் கையில் வைத்தாள். "நீங்க எழுதினதாலதான் நான் புடுங்கினேன். நீங்களே குடுத்துடுங்க" என்றாள்.

நான் குழந்தைகளைத் தூக்கியவன் அல்ல. ஈரமாக இருந்தான், சூடாக இருந்தான், எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தான். நாலு அடி தூரந்தான். கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். அவன் அவளை அடையாளம் தெரியாமல் பாட்டியைப் பார்த்து வீறிட்டு அழுதான். வேம்பு அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பழகிக்குவான்டி, விடாத" என்று காத்தாயி அதட்டினாள். கூரையில் இருந்த சீட்டை எடுத்துவரச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டாள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

என் தட்டு சரி, வாய்க்கால் சரி, ரத்தம் சரி. எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்த்துவிட்டேன். ஆனாலும் அந்தக் குழந்தையை அவள் கையில் வைத்தது நான். அவன் இருமினால் எனக்கு எழுது. இருமாவிட்டாலும் எழுது.

அண்ணன்


பெரம்பலூர்
16-1-1947

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கலன்று காத்தாயியும் வேம்புவும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். குழந்தை இருமவில்லை. மார்பில் காது வைத்துக் கேட்டேன், தெளிவாக இருக்கிறது. பால் குடிக்க மறந்துவிட்டான். ஆனால் தூக்கம் வந்தால் அவள் தோளைத்தான் தேடுகிறானாம். பகலில் இன்னும் பாட்டிதான்.

இன்று வார்டில் மூன்று பேர் இருமிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய சளி இந்த பஸ்ஸிலேயே வருகிறது. ஆட்டு ரத்தம் வாங்கி வையுங்கள்.

ஜெகதா